கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுமா ஃபெராரி? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை!

மதுரையில் மாலை 6 மணி. ஏ.வி. பாலத்தில் வைகையைக் கடந்து வடக்கே வந்தால் கோரிப்பாளையம். நடுவில் தேவர் சிலை, ஒரு பக்கம் தர்கா, பனகல் சாலையில் திரும்பினால் ராஜாஜி அரசு மருத்துவமனை. செல்லூரிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ, அழகர்கோவில் சாலைக்குத் திரும்பும் டவுன் பஸ், இடையில் சைரனோடு வழி கேட்கும் ஆம்புலன்ஸ்... மேம்பாலத் திட்டம் வந்ததே இந்த நெரிசலால்தான்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஃபெராரி வந்து நின்றால் எப்படி இருக்கும்? சுற்றியிருக்கும் செல்போன்கள் எல்லாம் கேமராவாக மாறிவிடும். ஆனால், காருக்குள் இருப்பவரின் கண் மட்டும் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரை விட்டு நகராது.

300 கி.மீ வேகத்துக்காகச் செய்யப்பட்ட கார், இங்கே 10 கி.மீ வேகத்தில் ஊர்ந்துதான் பிழைக்க வேண்டும். அதனால், ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே போன்ற கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள், நான்குவழிச் சாலையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கார் எந்த ஊரில் வாழப்போகிறதோ, அந்த ஊர்தான் அதற்குச் சரியான பரீட்சை.

சிக்னலில் ஒரு டெஸ்ட் டிரைவ்

காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் தெரியாமல் போய்விடும். பிறகு ஏ.சி.யைப் போட்டு, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடு ஓர் இடத்தில் நிலையாக நிற்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் சரியாக ஓடுகிறதா, நின்று நின்று நகரும்போது கியர் உதறுகிறதா என்று கவனியுங்கள்.

இதில் கிளட்ச் முக்கியம். 2000-களில் வந்த பல ஃபெராரி, லம்போர்கினி கார்களில் கிளட்ச் பெடல் இருக்காது. கம்ப்யூட்டரே கிளட்சை இயக்கும். நெரிசலில் ஊர்ந்தால் அது வேகமாகத் தேயும். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஸ்கேனர் மாட்டிப் பார்க்க முடியும். ‘ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு’ என்ற பேச்சை நம்பாமல், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வேகத்தடை. தரையோடு தரையாகப் போகும் கார்கள் இவை. சில மாடல்களில் பட்டனை அழுத்தினால் முன்பக்கம் கொஞ்சம் உயரும் வசதி உண்டு. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே இருக்கும் கீறல்கள், கார் இதுவரை ஓடிய சாலைகளின் கதையைச் சொல்லிவிடும்.

கம்மியாக ஓடிய கார் நல்ல காரா?

சச்சின் டெண்டுல்கரின் சிவப்பு ஃபெராரி பலருக்கும் நினைவிருக்கும். 29 டெஸ்ட் சதங்கள் அடித்து டான் பிராட்மேனின் சாதனையைச் சமன் செய்ததற்காக, 2002-ல் ஃபியட் நிறுவனம் பரிசளித்த 360 மொடேனா அது. அதற்கு இறக்குமதி வரி விலக்கு கொடுத்தது சர்ச்சையானது. கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. 2011-ல் அந்த கார் சூரத் தொழிலதிபர் ஒருவர் கைக்குப் போனது.

அந்த மாடலின் இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, டைமிங் பெல்ட். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். பெல்ட் அறுந்தால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே போய்விடும். எனவே, ‘மீட்டரைப் பாருங்க, 8,000 கி.மீ தான் ஓடியிருக்கு’ என்று சொன்னால் மயங்க வேண்டாம். நின்றே கிடந்த காரில் ரப்பர் குழாய்கள் காய்ந்திருக்கும், ஆயில் சீல்கள் கசியும், டயர் கெட்டிப்பட்டிருக்கும்.

டயரின் வயதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், அவ்வளவு பழைய டயர் அதிவேகத்தில் ஆபத்தானது.

தண்ணீர் பார்த்த கார்

2015 சென்னைப் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. மதுரையும் தப்பவில்லை. 2024 அக்டோபர் கனமழையில் கோரிப்பாளையத்தை ஒட்டிய செல்லூர் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது.

மூழ்கிய காரைக் கழுவி பாலிஷ் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருக்கலாம். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய இன்ஷூரன்ஸ் க்ளைம் விவரத்தையும் கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த இந்த கார்களுக்கு, ஒருமுறை தண்ணீரில் நின்றாலே ஆயுளுக்கும் தலைவலிதான்.

இன்ஜினைவிட பேப்பர் முக்கியம்

கெட்டுப்போன கிளட்சைப் பணம் கொடுத்து மாற்றிவிடலாம். பேப்பர் கெட்டிருந்தால் காரே கையைவிட்டுப் போய்விடும். 2013 மார்ச்சில், வரி ஏய்ப்பு செய்து இறக்குமதி செய்யப்பட்ட வெளிநாட்டு கார்களைத் தேடி சென்னையில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்ட வாகனங்களைத் தேடி கேரளத்தில் சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ நடத்தியது.

போர்ஷே கரேரா கார் ஒன்றைக் கைமாறி வாங்கியவரிடம், இறக்குமதியின்போது விவரங்களை மாற்றிக் காட்டியதாகச் சொல்லி கொச்சி சுங்கத் துறை வரி கேட்ட வழக்கும் உண்டு. பின்னால் வாங்கியவர் இறக்குமதியாளர் ஆகமாட்டார், அவரிடம் அந்த வரியைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஜெயித்தார்தான். ஆனால், அதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது!

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

* சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, எண்களைக் கொண்டது. ஃபெராரி என்றால் ‘இசட்.எஃப்.எஃப்.’ என்றும், லம்போர்கினி என்றால் ‘இசட்.எச்.டபிள்யூ.’ என்றும் பெரும்பாலும் தொடங்கும். காரில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

* இறக்குமதி கார் என்றால், சுங்கத் துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’யும் வரி கட்டிய ரசீதும் வேண்டும். ‘கார்னெட்’ முறையில் தற்காலிகமாக வந்த கார், திரும்பிப் போக வேண்டிய கார். அதை இங்கே விற்க முடியாது.

* பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, கடன் நிலுவை, இன்ஷூரன்ஸ், அபராதம் எல்லாவற்றையும் பாருங்கள். கடன் முடிந்திருந்தால், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 தேவை.

* புதுச்சேரி அல்லது வேறு மாநிலப் பதிவு என்றால், அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். மதுரை வடக்கின் டி.என். 59 எண் வாங்கும்போது, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். தமிழகத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புது காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அந்தத் தொகையை முதலிலேயே விசாரித்து, விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* கார் கைமாறியதும், 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு?

ஃபெராரிக்கும் லம்போர்கினிக்கும் மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. பிளாட்பெட் லாரியில் ஏற்றி வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும். சென்னையே 450 கி.மீ தூரத்துக்கும் மேல். கார் விலையோடு, முதல் வருடச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைக்க முடியாவிட்டால், வாங்காமல் இருப்பதே நல்லது.

வாங்கும் முன், அந்த பிராண்டு தெரிந்த வெளி மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ், வரப்போகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நல்ல காரை விற்பவர் இதற்கெல்லாம் தடை சொல்லமாட்டார்.

‘வேற பார்ட்டி வெயிட்டிங்ல இருக்காங்க சார், இன்னைக்கே முடிச்சிடுங்க’ என்று அவசரப்படுத்துகிறாரா? சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோரிப்பாளையம் ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுங்கள். அந்த சிக்னலில் எந்த காராக இருந்தாலும், பஸ்ஸுக்குப் பின்னால்தான் நிற்கப்போகிறது!