தண்டுக்கும் பேட்டைக்கும் நடுவே

பெங்களூரில் கப்பன் பார்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்று எல்லாரும் விதானசௌதாவைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு கணக்கு. பார்க்குக்கு இந்தப் பக்கம் தண்டு, அந்தப் பக்கம் பேட்டை. தண்டு என்றால் கன்டோன்மென்ட். 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அல்சூர் ஏரியை ஒட்டிக் குடியேறியபோது, அதன் பின்னாலேயே சமையல்காரரும் தையல்காரரும் கொத்தனாரும் தோல் வேலைக்காரரும் கடைக்காரரும் தமிழ் நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அல்சூரும் சிவாஜிநகரும் மர்பி டவுனும் அப்படித் தமிழ் பேசத் தொடங்கியவை. அந்தப் பக்கம், கெம்பே கௌடர் 1537-இல் எழுப்பிய பேட்டை, கன்னடம் பேசியது. தண்டுக்கு ஒரு நகராட்சி, பேட்டைக்கு ஒரு நகராட்சி. 1949-இல்தான் இரண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் நெடுநாள், இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்தது இந்தத் தோப்புதான்.

நான் அல்சூரில் பிறந்தவள். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்து ஒரு தலைமுறை ஓடிவிட்டது. பிறந்த வீட்டை விற்றாயிற்று. அந்த வீதியை நினைத்து நான் பெரிதாக உருகியதில்லை. பங்குனி பிறந்து திருச்சியில் தார் உருகும்போது மனம் போய் நிற்பது கப்பன் பார்க்கின் நிழலில்தான்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. பேட்டையில் வாங்க வேண்டிய சாமான் ஏதாவது இருக்கும். சைக்கிளின் முன் கம்பியில் தங்கை, பின் கேரியரில் நான். எம்.ஜி. ரோடு முடியும் இடத்தில் விக்டோரியா மகாராணி கையில் செங்கோலோடு நிற்பாள். 1906-இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் வந்து திறந்துவைத்த சிலை. தண்டு அங்கே முடிகிறது என்பது ஊர் வழக்கு. அவளைத் தாண்டியதும் சைக்கிள் மிதிக்கும் சத்தம்கூட மாறிவிடும். வெயில் சட்டென்று இறங்கும். அப்பா கீழே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். "அவசரம் ஒண்ணுமில்லம்மா, கடை எங்கியும் ஓடிப்போவாது" என்பார். வீட்டில் எதற்கும் அவசரப்படுகிற மனிதர் அவர்.

இயற்கையாக வளர்ந்த காடு அல்ல அது. பெங்களூர் மேட்டுநிலம் புதரும் பாறையுமாகக் கிடந்த நிலம். இன்றும் பூங்காவுக்குள் அங்கங்கே மண்ணைப் பிளந்துகொண்டு பாறை முதுகைக் காட்டும். 1870-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி சுமார் 100 ஏக்கரில் இந்தப் பூங்காவை அமைத்தார். அப்போது கமிஷனர் பொறுப்பில் இருந்த ஜான் மீட் பெயரால் மீட்ஸ் பார்க் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 1834 முதல் 1861 வரை மைசூரை ஆண்ட கமிஷனர் மார்க் கப்பனின் பெயர் நிலைத்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் சூயஸில் 1861-இல் இறந்துபோனவர் அவர். தன் பெயரில் ஒரு பூங்கா வரும் என்று அறியாமலே போனார். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளிவிழா ஆண்டான 1927-இல் அதற்கு ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். அரசு ஏடுகளில் அதுதான் பெயர். ஊர் கப்பனை விடவில்லை. நூறு ஏக்கர் பின்னால் விரிந்து சுமார் 300 ஏக்கர் ஆனது.

காடாகத் தோன்றும்படி அதை ஆக்கியவர்கள் தோட்டக்காரர்கள். தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சி மரம், மடகாஸ்கரின் குல்மோகர், ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கும் அரௌகாரியாவும், நம் ஊர் அரசும் ஆலும் பலாவும் சரக்கொன்றையும் நெட்டிலிங்கமும், இவற்றுக்கு நடுவே ஒரு மூங்கில் தோப்பு. ஏறக்குறைய 6,000 மரம் செடிகள், 96 இனங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1908-இல் பெங்களூர் வந்து லால்பாக்கைப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்க வேண்டும் என்று திட்டமிட்டு நகர் முழுக்க மரம் வைத்தவர். அந்தத் திட்டம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மாதங்களை அதுதான் நடத்தியது. ஐப்பசி கார்த்திகையில் மரமல்லி. இரவெல்லாம் உதிர்ந்து காலையில் பாதை வெள்ளையாகக் கிடக்கும், அந்த நீளக் காம்புகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஊசி நூல் இல்லாமலே சரம் செய்வோம். தை மாசியில் டபேபுயா, இலை ஒன்றுகூட இல்லாமல் மரம் முழுக்க இளஞ்சிவப்பு. அது ஓயும் நேரத்தில் ஜகரண்டாவின் ஊதா. சித்திரை வந்தால் குல்மோகர், கூடவே இயல்வாகையின் மஞ்சள். மாம்பழ மழை ஒரு தரம் அடித்து ஓய்ந்ததும் சிவப்பும் மஞ்சளும் ஈர மண்ணில் ஒட்டிக் கிடக்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம்.

தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் குடை அகலத்தை நகரத்துக் கண் எளிதில் நம்பாது. ஒரே மரத்தடியில் ஒரு குடும்பம் சோறு உண்ணும், ஒருவர் செய்தித்தாளை முகத்தில் மூடித் தூங்குவார், இரண்டு மாணவர்கள் தேர்வுக்குப் படிப்பார்கள், ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யமாட்டார்கள். மாலை மங்கினால் இலைகள் மடங்கிக்கொள்ளும், மேலே வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும். அதுதான் எங்களுக்கு வீட்டுக்குக் கிளம்பும் மணி. திருச்சியில் அந்த மரம் இல்லாமல் இல்லை. அதன் கீழே நின்றால் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.

இனிச் சொல்வதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் ஏங்குகிறவற்றில் பாதி, அந்தத் தோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றவை.

பார்க்குக்குள் சிவப்புக் கட்டடமாக நிற்கும் மத்திய நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், 1915. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். சிவசமுத்திரத்து மின்சாரத்துக்கு வழி செய்தவர். அவர் பெயர் தாங்கிய அந்த மண்டபத்தில்தான் பள்ளி விடுமுறை நாள்களை நான் கழித்தேன். உயரமான சன்னல் வழியாக ரோஜாத் தோட்டம் தெரியும். பழைய தாளின் வாசனையும் வெட்டிய புல்லின் வாசனையும் ஒன்றாக வரும். அந்த நூலகம் இல்லாத கப்பன் பார்க்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அதுவும் ஒரு கட்டடம்தான்.

கஸ்தூர்பா சாலை ஓரத்தில் அருங்காட்சியகம், 1877-இல் கட்டியது. அதைத் தொடங்கிய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர்தான் சென்னை எழும்பூர் மியூசியத்தையும் 1851-இல் தொடங்கியவர் என்பது பின்னால் தெரிந்து எனக்கு அவர் சொந்தக்காரர் போலாகிவிட்டார். அதற்குப் பக்கத்தில் 1975-இல் வெங்கடப்பா ஓவியக்கூடம். குழந்தைகளுக்கு ஜவகர் பாலபவன், அதில் புட்டாணி எக்ஸ்பிரஸ் என்கிற குட்டி ரயில். அந்த ரயில் மரங்களுக்கு இடையே வளைந்து போகும்போது தங்கை கத்துகிற கத்தல் இன்றும் காதில் இருக்கிறது. 1983-இல் எண்கோண வடிவில் மீன் காட்சியகம். டென்னிஸ் மைதானம், கிளப்புகள், அலுவலகங்கள், அவற்றுக்கெல்லாம் வாகனம் நிறுத்த இடம், போய்வரச் சாலை. இவற்றில் கெட்ட நோக்கத்தோடு வந்தது ஒன்றும் இல்லை. படிப்புக்கு, கலைக்கு, குழந்தைகளுக்கு, விளையாட்டுக்கு. மரங்களுக்கு எதிராக வாதாட முடியாதபடி நல்ல காரணங்கள். வெறும் நிழலுக்கும் சும்மா நடப்பதற்கும் என்று கேட்டு வாங்க ஆள் இல்லை.

பக்கத்தில் இருந்த சம்பங்கி ஏரியின் கதை இன்னும் கொடியது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும் வரைக்கும் தண்டுக்குக் குடிநீர் தந்த ஏரிகளில் ஒன்று அது. குழாய் வந்ததும் ஏரி எதற்கு என்று ஆகிவிட்டது. வற்றவிட்டு, திடலாக்கி, கடைசியில் கண்டீரவா ஸ்டேடியம் ஆக்கினார்கள். சித்திரைக் கரக விழாவின் சடங்குக்காக ஒரு சிறு குட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். கரகம் எடுக்கிற திகளர்கள் தோட்ட வேலையில் பேர்போனவர்கள், வீட்டில் தமிழ் கலந்த பேச்சு பேசுகிறவர்கள். தங்கள் சாமிக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர்கள் வருஷா வருஷம் அங்கே வந்து நின்றதால்தான் அந்தக் கொஞ்சமாவது மிஞ்சியது என்று நான் நம்புகிறேன். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போன எங்களைப் போன்றவர்களால் ஏரியைக் காப்பாற்ற முடியவில்லை.

பூங்காவைக் காக்க எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1975-இல் கர்நாடகம் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1998-இல் சட்டமன்ற உறுப்பினர்களுக்காகப் பூங்கா நிலத்தில் 32 ஏக்கரை விடுவிக்க அரசு முனைந்தபோது, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், மாணவர்கள், கலைஞர்கள், வழக்கறிஞர்கள் என்று ஊரே பூங்காவில் கூடி நின்றது. நீதிமன்றம் வரை போனார்கள். நான் அப்போது திருச்சியில் கைக்குழந்தையோடு இருந்தேன். தங்கை போனாள். அப்பாவையும் அழைத்துப் போயிருக்கிறாள். மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாலை வரை உட்கார்ந்திருந்தார் என்றாள். கோஷம் எதுவும் போடவில்லையாம். வந்த பிள்ளைகளுக்கு மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போது மரங்களைக் கொல்வது பெரும்பாலும் அரசாணைகள் அல்ல. வேருக்குக் கீழே நடக்கிறவை. சாலை ஓரமெல்லாம் சிமென்ட், கல் பாவிய நடைபாதை; மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. குல்மோகருக்கு வேர் ஆழம் போகாது, கட்டையும் மெத்து. வயதான மரம் கோடை மழைக் காற்றில் அடியோடு சாயும். ஒவ்வொரு ஏப்ரலிலும் மே மாதத்திலும் நகரில் மரம் விழுந்த படங்களை அனுப்புவாள் தங்கை. படத்தில் நான் தேடுவது விழுந்த மரம் எந்தப் பாதையில் நின்றது என்பதைத்தான். சிலவற்றை அடையாளம் தெரியும். அப்போது அன்றைய வேலை ஓடாது.

மெட்ரோவும் தன் பங்கை எடுத்தது. 2011-இல் எம்.ஜி. ரோடு வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, அந்தச் சாலையின் ஓரமாக இருந்த மரம் சூழ்ந்த நடைபாதை போய்விட்டது. விக்டோரியாவைப் பார்க்கப் போகும் வழியே அதுதான். 2016-இல் சுரங்கப் பாதை திறந்தது. பூங்காவின் ஓரத்தில் கப்பன் பார்க் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது.

போன முறை போனபோது பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். வார நாள். பூங்காவின் உள் சாலையில் கார்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கள் காலத்தில் கடந்து போனோம். இப்போது குறுக்கே ஓட வேண்டியிருக்கிறது. 2015 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை விடுவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஞாயிறு போனால் குழந்தைகள் அதே சாலையில் படுத்துப் படம் வரைகிறார்கள். நாய்களோடு வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் இளைஞர்கள் பாயும் புத்தகமுமாக வந்து, பேசாமல், மரத்தடியில் மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய வழக்கம், பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. நூலகத்துக்கு உள்ளே நான் செய்ததை அவர்கள் வெளியே புல்லில் செய்கிறார்கள். அதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

அவர்களில் யாருக்கும் தண்டு தெரியாது, பேட்டை தெரியாது. தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பூங்கா ஓர் எல்லையாக இருந்ததனால்தான் இவ்வளவு காலம் திறந்தவெளியாக நீடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்ததால் இரண்டில் எதுவும் அதை முழுக்கத் தன்னுடையதாக்கிக் கொள்ளவில்லை. அல்சூர்த் தமிழரும் பேட்டைக் கன்னடரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சுருமுரிப் பொட்டலத்தைப் பிரிக்கிற இடமாக அது இருந்தது. அப்பாவுக்குக் கன்னட நண்பர்கள் கிடைத்ததே அங்கேதான். மொழியின் பேரால் ஊர் பதறிய நாள்களிலும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தை பிறந்ததும் தங்கையைக் கூப்பிட்டு டபேபுயா பூத்தாயிற்றா என்று கேட்பது எனக்கு வழக்கம். இந்த வருஷம் அவளே கூப்பிட்டாள். "லைப்ரரி பக்கம் ரெண்டு மரம் முழுசா பூத்துடுச்சுக்கா. போட்டோ அனுப்பமாட்டேன், நேர்ல வந்து பாரு. அல்சூர்ல மெட்ரோ ஏறினா மூணாவது ஸ்டேஷன்." மரத்தைத் தின்ற ரயிலில் ஏறியா மரம் பார்க்கப் போவது என்று கேட்டேன். "சைக்கிள் தள்ளிட்டு வர அப்பா இல்லியேக்கா" என்றாள். வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பூ பத்து நாள் தாங்கும்.