எண்ணும் உயரமும்

கூடைப்பந்து ஆட்டத்தில் கூடை தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தபோது அமைந்த அவ்வுயரம் இன்றளவும் மாறவில்லை. உயரத்தில் உள்ளதை எட்டும் ஆட்டத்தில் நெடியவர்க்கே முதலிடம் என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆதலின், 'சென்டர்' எனப்படும் மைய ஆட்டக்காரர் நெடுங்காலம் அணியின் தூணாகப் போற்றப்பட்டார். கூடையருகே நின்று பந்தை உள்ளே இடுவதும், எதிரணியினர் எறியும் பந்தைத் தடுப்பதும், குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும் அவர்தம் பணிகளாகும்.

அவருடைய ஆற்றலுக்கு அஞ்சி விதிகளே மாறியதுண்டு. கூடைக்கு முன்னுள்ள தடத்தில் தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்றல் கூடாது. ஜார்ஜ் மைக்கன் என்னும் 6 அடி 10 அங்குல வீரரின் ஆதிக்கத்தைக் குறைக்கவே, 6 அடி அகலமாயிருந்த அத்தடம் 1951இல் 12 அடியாக்கப்பட்டது. பின்னர் வந்த வில்ட் சேம்பர்லின் 1961-62 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 50.4 புள்ளிகள் ஈட்டினார். 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். 1964இல் தடம் 16 அடியாக விரிந்தது.

விதியால் வீழாத அவரை ஒரு கணக்கு வீழ்த்தியது எனலாம். 1979-80 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு வரையப்பட்டது. அன்று ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அக்கோட்டிற்கு அப்பாலிருந்து மூன்று முறைகூட எறியவில்லை. 2024-25 பருவத்திலோ சராசரி 37ஐக் கடந்துவிட்டது. காரணம் எளிது. தொலைவிலிருந்து எறியும் நூறு பந்துகளில் 36 விழுந்தால் 108 புள்ளிகள் கிடைக்கும். மைய ஆட்டக்காரர் கூடைக்கு முதுகு காட்டி நின்று, காவலரைத் தள்ளித் திரும்பி எறியும் நூறு பந்துகளில் 45 விழுந்தாலும் 90 புள்ளிகளே கிடைக்கும். இக்கணக்கைக் கண்டவர்கள், நெடியவரின் காலம் முடிந்தது என்று தீர்ப்பளித்தனர்.

நிகழ்ச்சிகளும் அத்தீர்ப்பிற்குத் துணைநின்றன. விண்மீன் ஆட்டத்திற்கான வாக்குச்சீட்டிலிருந்து மையம் என்னும் தனிப்பிரிவு 2012இல் நீக்கப்பட்டது. 2015இல் கோல்டன் ஸ்டேட் அணி, இறுதிப் போட்டியின் நடுவே 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீனை மையத்தில் நிறுத்தி வாகை சூடியது. 2020இல் ஹூஸ்டன் அணி தன் நெடிய வீரரை விட்டுக்கொடுத்து, 6 அடி 5 அங்குலமுள்ள பி.ஜே. டக்கரை அவ்விடத்தில் நிறுத்தியது. அவ்வணி இரண்டாம் சுற்றிலேயே தோற்றது. எனினும், ஒரு தோல்வியால் ஒரு கொள்கை பொய்யாகிவிடாது.

மறுசாராரின் வாதம் வேறு. அவர்களும் அதே எண்களையே எடுத்துக்காட்டுகின்றனர். கூடையின் அருகிலேயே எறியும் நூறு பந்துகளில் அறுபதுக்கு மேல் விழுகின்றன. அது 120 புள்ளிகளுக்கும் மேலாகும். ஆட்டத்தின் விலைமிக்க இடம் இன்றும் கூடையடியே என்றால், அவ்விடத்தைக் காப்பவர் விலை குறைந்தவர் ஆவாரா? ரூடி கோபேர் 2018, 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் சிறந்த தற்காப்பு வீரர் பரிசைப் பெற்றார். அவர் தடுத்த பந்துகளுக்குக் கணக்குண்டு. அவர் நிற்பதைக் கண்டு, எறியாமலே திரும்பிச் சென்றவர்களுக்குக் கணக்கேது?

இக்குறை பழையது. பாஸ்டன் அணியின் பில் ரசல் 13 பருவங்கள் ஆடி 11 முறை வாகைப் பட்டம் வென்றார். அவருடைய சராசரி 15.1 புள்ளிகள் மட்டுமே. எதிரணியின் பந்தைத் தடுப்பதே அவர்தம் பெருங்கலை. ஆனால், தடுப்புகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 1973-74இல்தான் தொடங்கியது. ரசலோ 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தலைசிறந்த தடுப்பாளரின் தடுப்புகள் எத்தனை என்பதற்கு ஏட்டில் விடையில்லை.

இக்குறையை நீக்க, ஒருவர் களத்தில் உள்ளபோதும் இல்லாதபோதும் அணி பெறும் புள்ளிகளை ஒப்பிடும் முறை வந்தது. வழிமறித்து நின்று தோழருக்கு இடம் அமைத்துத் தருவது போன்ற உழைப்பின் பயனும் இதில் தெரியக்கூடும். ஆயினும், வலிய தோழரோடு ஆடுபவர் உயர்ந்தும் மெலிய தோழரோடு ஆடுபவர் தாழ்ந்தும் காணப்படுவர். அதனைத் திருத்த மேலும் நுண்ணிய கணக்குகள் பிறந்தன. வாதம் மட்டும் ஓயவில்லை.

2000இல் ஷகீல் ஓநீல் பெற்ற தலைசிறந்த வீரர் விருது, 2021வரை மீண்டும் ஒரு மைய ஆட்டக்காரரிடம் வரவில்லை. அவ்வாண்டு அதனைப் பெற்றவர் செர்பிய நாட்டு நிக்கோலா யோக்கிச். 2014இல் வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது நாற்பது பேருக்குப் பின்னரே அவர் பெயர் அழைக்கப்பட்டது. வேகத்தாலோ தாவலாலோ அவர் புகழ் பெறவில்லை. களம் முழுவதையும் கண்டு, தோழர் கைக்குப் பந்தை உரிய நொடியில் சேர்ப்பதே அவர் சிறப்பு. 2022, 2024 ஆண்டுகளிலும் விருது அவரையே அடைந்தது. 2023இல் டென்வர் அணிக்கு முதல் வாகைப் பட்டமும் கிட்டியது.

ஆக, வீழ்ந்தது ஒரு பழைய ஆட்டமுறை. கூடையடியில் நிற்க மட்டுமே அறிந்தவர் மறைந்தார்; காக்கவும், இடம் அமைக்கவும், பகிரவும் கற்றவர் நிலைத்தார். எண்கள் பொய் கூறவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை தந்தன. எத்தனை புள்ளி என்று கேட்டவர்க்கு ரசல் நடுத்தர வீரராகவே தோன்றுவார். அணி எத்தனை முறை வென்றது என்று கேட்டவர்க்கே அவர் உயரம் தெரியும். மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தி ஒரு மாணவனை அளக்க முற்படும் எவரும், கேள்வி சரியானதுதானா என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.