உடைத்தாலும் பரவாயில்லை என்று தந்த கணனிகள்

1974ஆம் ஆண்டு தை மாதம், கலிபோர்னியாவில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஒரு காந்த நாடாவில் யுனிக்ஸ் வந்து சேர்ந்தது. அதை ஓட்டுவதற்கு அங்கே கிடைத்தது ஒரு பிடிபி-11/45 இயந்திரம். அதுவும் கணனித்துறை, கணிதத்துறை, புள்ளிவிபரவியல்துறை மூன்றும் சேர்ந்து வாங்கியது. மற்ற இரண்டு துறைகளும் ஆர்எஸ்ரிஎஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைக் கேட்டன. கடைசியில் பங்குபோட்டார்கள். ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் யுனிக்ஸ், பதினாறு மணித்தியாலம் மற்றது. ஒருவருக்கு எப்போதும் பகல், இன்னொருவருக்கு எப்போதும் இரவு என்று ஆகிவிடக்கூடாதென்பதற்காக நேரத்தையும் சுழற்றினார்கள். இன்று காலை 8 முதல் மாலை 4 வரை யுனிக்ஸ் என்றால், நாளை மாலை 4 முதல் நள்ளிரவு வரை, மூன்றாம் நாள் நள்ளிரவு முதல் காலை 8 வரை.

இதை வாசித்துவிட்டு நாம் சிரித்தோம். உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் வாழ்கிறவர்களுக்கு இப்படியான அட்டவணையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் எமக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இந்தக் கோணல் நேரத்தையும் பொறுத்துக்கொண்டு, இயங்குதளப் பாடம் படித்த மாணவர்கள் தமது செயற்றிட்டங்களை யுனிக்ஸில்தான் செய்ய விரும்பினார்கள். மற்றப் பெரிய இயந்திரத்தில் நிரலைக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். யுனிக்ஸில் எழுதியதை உடனே ஓட்டிப் பார்க்கலாம். பிழைத்தால் உடனே திருத்தலாம். அதற்காக நடுச்சாமத்தில் எழும்பிப் போகவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

நாம் என்று சொல்வது ஒரே வகுப்பில் கணனி விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய மூன்று பேரை. இருவர் இப்போது பாரிஸில். ஒருவர் ஊரில் ஆசிரியர். பாரிஸில் இருக்கும் இருவரும் படிப்பை முடிக்கவில்லை. 2012 நவம்பரில் மாணவர்கள் கைதுசெய்யப்பட்டு வளாகம் மூடிக்கிடந்து, மறுபடி திறந்தபோது நாம் இருவரும் அங்கே இல்லை. அந்தக் கதையை எம்மவர் பலர் பலவிதமாக எழுதிவிட்டார்கள். இங்கே எழுத நினைப்பது அதற்கு முந்தி எமக்கிருந்த ஆய்வுகூடத்தைப் பற்றி.

இயங்குதளத்தில் பரிசோதனை செய்வதென்பது மற்றப் பயிற்சிகளைப் போன்றதல்ல. கணக்குப்பதியும் நிரல் ஒன்று பிழைத்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். கருநிரலில் கைவைத்து அது பிழைத்தால் முழு இயந்திரமும் நிற்கும். வட்டில் உள்ளவை அழிந்தும் போகலாம். எல்லோருக்கும் பொதுவான கணனியில் ஒருவர் இதைச் செய்தால், பக்கத்திலிருப்பவரின் ஒப்படையும் சேர்ந்து போய்விடும். ஆகவே பொது ஆய்வுகூடமும் இந்த வேலையும் ஒன்றுக்கொன்று பகை. எமது ஆய்வுகூடத்துக் கணனிகளில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். நிறுத்தி மறுபடி போட்டால் நாம் செய்த மாற்றமெல்லாம் அழிந்து பழையபடி வந்து நிற்கும். நிர்வாகத்துக்கு அது நிம்மதி. எமக்கோ ஒவ்வொரு நாளும் முதலாம் நாளாகவே இருந்தது. இந்த இலட்சணத்தில் மின்சாரமும் அடிக்கடி போகும்.

ஹெல்சிங்கியிலும் இதே இடைஞ்சல்தான். 1990 இலையுதிர்காலத்தில் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு யுனிக்ஸ் ஓடும் மைக்ரோவக்ஸ் ஒன்று வந்தது. ஒரே நேரத்தில் பதினாறு பேர்தான் பாவிக்கலாம். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்ற மாணவர்களில் ஒருவர் லினஸ் தோர்வால்ட்ஸ். 1991 தை மாதம் அவர் தவணைக் காசுக்கு ஒரு 386 கணனி வாங்கினார். அதில் மினிக்ஸைப் போட்டு, வீட்டிலிருந்தபடி பல்கலைக்கழக இயந்திரத்தோடு பேசுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து அதே ஆண்டு செப்டெம்பரில் லினக்ஸ் 0.01 ஆக வெளிவந்தது. பல்கலைக்கழகத்து இயந்திரம் அவருக்கு யுனிக்ஸ் என்றால் என்னவென்று காட்டியது. ஆனால் உடைத்துப் பார்க்க ஒரு சொந்த இயந்திரம் தேவைப்பட்டது.

எமக்குத் தவணைக்குத் தரவும் ஆளில்லை. எமக்குக் கிடைத்தது ஆய்வுகூட உதவியாளராக இருந்த ஒரு அண்ணை. கழிக்கப்பட்டு மூலையில் தூசு பிடித்துக் கிடந்த இரண்டு கணனிகளை அவர் பின்சுவரோரம் ஒரு மேசையில் தூக்கி வைத்தார். வலைப்பின்னல் கம்பியைக் கழற்றினார்.

“தம்பியவை, இதுகளை உடைச்சாலும் பரவாயில்லை. மற்றதுகளில மட்டும் கை வைக்காதேங்கோ” என்றார்.

எம்முடைய படிப்பில் எமக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை அந்த வாக்கியம்தான். பள்ளிக்கூடத்தில் கணனிக்குப் பட்டுத்துணி போர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பழகியவர்கள் நாம். உடைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

அந்த இரண்டிலும் மினிக்ஸ் 3ஐப் போட்டோம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் மையச்செயலியைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற பகுதியைத் திருத்தி எழுதுவதே எமது செயற்றிட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நேரம் கொடுத்து வட்டமாகச் சுற்றிவருவது மிக எளிய முறை. எழுதுவதும் சுகம். ஆனால் விசைப்பலகையில் ஒருவர் எழுத்தை அழுத்திவிட்டுக் காத்திருக்க, நீண்ட கணக்கொன்று தன் துண்டை முழுதாகத் தின்றுகொண்டிருந்தால் அந்தச் சமத்துவத்தால் அவருக்கு என்ன பயன்? அதற்காகத்தான் முன்னுரிமை வரிசைகள் வைக்கிறார்கள். பிறகு, அடிவரிசையில் இருப்பது ஒருபோதும் முறை வராமல் பட்டினி கிடக்காதபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடத்தை ஆய்வுகூடக் கதவே எமக்குக் கற்பித்தது. இரண்டு கணனிக்கும் சீனியர்கள் ஒரு நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பகலும் இரவும் எல்லோருக்கும் மாறிமாறி, பெர்க்லியைப் போலவே. பார்வைக்கு அதைவிட நீதி கிடையாது. ஆனால் எமது வகுப்புப் பெண்கள் பொழுதுபட விடுதிக்குப் போய்விட வேண்டும். ஒருத்தி அந்தக் கடதாசிக்கு முன்னால் நின்று கேட்டாள்: “எல்லாருக்கும் சமன் எண்டு சொல்லி எங்களுக்கு ராத்திரி பத்து மணியை எழுதியிருக்கிறியள். நாங்கள் மதில் ஏறிக் குதிச்சே வாறது?” ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை கதவில் புதிய அட்டவணை இருந்தது. பின்னேரம் 5 மணிவரை பெண்களுக்கு முதல் உரிமை, இரவு எமக்கு. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தத் தவணையில் எல்லோருக்கும் முதலில் ஓடிக் காட்டிய செயற்றிட்டம் அவளுடையதும் அவள் தோழியுடையதும்தான்.

பெர்க்லியிலும் பங்கு நேரம் கனகாலம் தாக்குப்பிடிக்கவில்லை. இன்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த யூஜின் வொங்கும் மைக்கேல் ஸ்ரோன்பிரேக்கரும் 1974 வசந்தத்திலேயே தமக்கென்று ஒரு 11/40 வாங்க முடிவுசெய்தார்கள். அங்கே நடந்த இன்னொரு விடயம் எமக்கு அதைவிடப் பிடிக்கும். இயந்திரம் அடிக்கடி விழுந்தபோது, கீத் ஸ்ராண்டிபோர்ட் என்ற மாணவர் தொலைபேசிக் கைபிடியை மோடத்தில் வைப்பார். மறுகரையில் நியூ ஜேர்சியிலிருந்து கென் தொம்சன் ஒரு நொடிக்கு 300 பிட் வேகத்தில் அதன் சிதைவுகளைப் பார்ப்பார். ஒரே கட்டுப்படுத்தியில் இரண்டு வட்டு பூட்டிய இயந்திரத்தை தொம்சன் அதற்கு முன் அதிகம் கண்டதில்லையாம். அவர்கள் விழுத்தியதால்தான் அந்தக் குறை வெளியே தெரிந்தது. இப்படிப் பார்த்தால், விழுத்துகிறவர்களும் அந்த இயங்குதளத்தை உருவாக்கியவர்கள்தான்.

இப்போது உடைப்பதற்கு இயந்திரம் தேடி அலையத் தேவையில்லை. எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தார் 2006இல் கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளம் இருக்கிறது. பழைய யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பார்த்து எழுதியது. இலவசம். எந்தப் பழைய மடிக்கணனியிலும், கணனிக்குள் ஒரு பொய்க்கணனியை உருவாக்கி அதில் ஓட்டலாம். ஆயிரம் தரம் விழுத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காது. உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் நாம் இருவரும் அதைத்தான் கிண்டிக்கொண்டிருக்கிறோம். பட்டம் வராது, சம்பளமும் கூடாது. அறையில் இருக்கும் மற்ற அண்ணைமார் “இன்னும் சோதினை முடியேல்லையோ?” என்று பகிடி பண்ணுவார்கள். மாரிகாலத்தில் இங்கே நள்ளிரவுக்கு வேலை முடிய ஊரில் விடியற்காலை நாலரை. அந்த நேரத்துக்கு எழும்புகிற எமது ஆசிரிய நண்பனுக்கு எடுத்து, எது எங்கே விழுந்தது என்று வாசித்துக் காட்டுவோம். அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பதில் சொல்வான்.

அவன் சொன்ன ஒரு செய்திதான் இதை எழுத வைத்தது. அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் ஒன்று புதுக்கணனிகள் அனுப்பியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் அன்பளிப்புச் செய்தவரின் பெயர்த்தகடு. அறைக்கு இரண்டு பூட்டு. பிள்ளைகள் ஏதும் பழுதாக்கினால் சங்கத்துக்கு என்ன கணக்குச் சொல்வது என்று அதிபருக்குப் பயம். கிழமைக்கு ஒரு பாடவேளை திறக்கிறார்களாம்.

காசு சேர்த்து அனுப்புகிறவர்களின் உழைப்பு எமக்குத் தெரியும். அதில் எம்முடையதும் கொஞ்சம் இருக்கிறது. கேட்பது இவ்வளவுதான்: அடுத்தமுறை இருபது கணனி அனுப்பினால் அதில் இரண்டைப் பெயர்த்தகடு இல்லாமல் அனுப்புங்கள். பழையதென்றாலும் போதும். இந்த இரண்டையும் பிள்ளைகள் கழற்றலாம், அழிக்கலாம், விழுத்தலாம், சங்கம் கணக்குக் கேட்காது என்று ஒரு கடிதம் எழுதி, கையொப்பமிட்டு அதிபருக்குக் கொடுங்கள். நேர அட்டவணையைப் பிள்ளைகளே எழுதட்டும். பெண்பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை முதலில் கேட்டுவிட்டு எழுதட்டும்.