எங்கட ஜீப்பும் ஒரு மாப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் முழுக்க வாசியுங்கள். மற்றவர்கள் நடுவில் வரும் கரண்ட் பாடத்தைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, கடைசிப் பகுதியை மட்டும் வாசித்து விடுங்கள். அது ஊருக்குச் சொல்ல வேண்டியது.

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் சகோதரர்கள் மூவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரு லேண்ட் ரோவர். சீரீஸ் 3, டீசல். ஊரில் எல்லோருக்கும் அது 'ஜீப்'தான். மாரி காலத்தில் வட்டைக்குள் விதைநெல்லும் பசளையும் ஏற்றிக்கொண்டு இறங்கி, சேற்றில் புதையாமல் ஏறி வரும். வெள்ளம் வந்தால் இரவு இரண்டு மணிக்கும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அதனால் அது நிற்பது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

போன பெரும்போகத் தொடக்கத்தில் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் ஸ்டாட்டர் 'கர்ர்...' என்று இழுத்து, அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். லைட் பளிச்சென்று எரியும். ஹோர்ன் ஊரையே எழுப்பும். எஞ்சின் மட்டும் சுற்றாது. தள்ளினால் உடனே ஸ்டாட் ஆகும்.

முதலில் பெட்டரியைச் சந்தேகித்தோம். சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்துப் புதிது போட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. பிறகு ஸ்டாட்டர் மோட்டரைக் கழற்றி டவுனில் ஒரு வயரிங் பாஸிடம் கொடுத்தோம். அவர் புது பிரஷ் போட்டு, புஷ் மாற்றி, எங்கள் கண் முன்னாலேயே மேசையில் வைத்துச் சுற்றிக் காட்டினார். பம்பரம் மாதிரிச் சுற்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினோம். 'கர்ர்...'

அடுத்த நாள் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்கும்போது, பழைய பிரஷைப் போட்டுவிட்டுப் புதுசுக்குக் காசு எடுத்தீங்க என்று சொல்லிவிட்டோம். சத்தமாகவே சொன்னோம். அந்த மனிதர் கையில் இருந்த பழந்துணியைக் கீழே வைத்துவிட்டு, "சேர், மோட்டர்ல ஒண்டும் இல்ல. ஜீப்பக் கொண்டாங்க, பாப்பம்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் கொண்டு போகவில்லை. கொண்டு போயிருந்தால் பத்து நிமிட வேலை.

மூன்று கிழமை தள்ளிக்கொண்டே திரிந்தோம்.

ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு திரும்பத் திரும்ப ஸ்டாட் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிளில் கை பட்டது. சுட்டது. எஞ்சின் ஓடவே இல்லை, கேபிள் ஏன் சுடுகிறது? கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லாமல் அந்த மெல்லிய கம்பிக்குள்ளால் போகிறது! எங்களில் ஒருவர் பதினோராம் ஆண்டுக்கு ஓமின் விதி படிப்பிப்பவர். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். பெட்டரியின் மைனஸ் வயர் சேசிஸில் பூட்டியிருக்கும். ஆனால் எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் இருக்கிறது, ரப்பரால் கரண்ட் போகாது. ஆகவே சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில் பின்னிய செம்புப் பட்டி ஒன்று இருக்கும். ஸ்டாட்டரின் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டியால்தான் திரும்புகிறது. லைட்டும் ஹோர்னும் பொடியிலும் சேசிஸிலும் ஏர்த் எடுப்பதால் அவற்றுக்கு ஒரு குறையும் தெரியாது.

அந்தப் பட்டியை நாங்கள் முன்பே மீட்டரில் பார்த்திருந்தோம். 'பீப்' என்றது. நல்லது என்று விட்டுவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம். மீட்டர் அனுப்புவது ஒரு துளிக் கரண்ட், ஸ்டாட்டர் கேட்பது நூற்றுக்கணக்கான அம்பியர். 0.03 ஓம் தடையை மலிவு மீட்டர் காட்டவே காட்டாது. ஆனால் 150 அம்பியர் போகும்போது அந்த 0.03 ஓமே 4 வோல்டுக்கு மேல் தின்றுவிடும்.

ஆகவே பாரத்தோடு அளந்தோம். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பிடித்தார். பெட்டரியின் இரண்டு முனைக்கும் இடையில் 11.2 வோல்ட், பெட்டரியில் பிழை இல்லை. ஸ்டாட்டருக்குக் கிடைத்தது 6.5. மைனஸ் முனைக்கும் எஞ்சின் பொடிக்கும் இடையில் 4.3. இங்கே அரை வோல்டும் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் வயர் ஒன்றை மைனஸிலிருந்து நேரே எஞ்சினின் வெறும் இரும்பில் கொடுத்துப் பாருங்கள். பூட்டும்போது வேட்டி, சாரம் எதுவும் ஃபேனில் சிக்காமல் கவனம். எங்களுக்கு அப்படிக் கொடுத்ததும் ஒரே திருப்பில் ஸ்டாட்.

பட்டியைக் கழற்றினோம். அதன் கீழே கறுப்புப் பெயின்ட், கொப்பளித்துப் பொரிந்து போய். போன வருடம் கடல்காற்றில் துரு பிடிக்கிறது என்று சேசிஸுக்கு நாங்களே அடித்த பெயின்ட். காயவிட்டு, சுரண்டாமல் அதன் மேலேயே பட்டியைப் பூட்டியதும் நாங்களே. இவ்வளவு காலமும் போல்டின் புரி வழியாகத்தான் கொஞ்சம் கரண்ட் போயிருக்கிறது. புரியும் துருப்பிடிக்க, கதை முடிந்தது. சீலைத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, கிறீஸ் தடவி இறுக்கினோம்.

சந்தோஷத்தில் உம்மாவிடம் சொன்னோம். அவ கேட்டது ஒன்றைத்தான்: "அப்ப அந்த மனிசன்?"

பாஸின் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று யோசித்தோம். உம்மா விடவில்லை. "கடையில வெச்சுத்தானே பேசின? கடைக்கே போங்க."

ஜும்ஆ முடிந்து போனோம். அன்றும் நாலைந்து பேர் நின்றார்கள். அன்று சொன்னது பிழை, பிரஷும் புதுசு, வேலையும் சுத்தம், பிழை எங்கட கையால் நடந்தது என்று சொல்லி மாப்புக் கேட்டோம். தொண்டை அடைத்தது, சொல்வதற்கென்ன. அன்று நாங்கள் பேசியதைக் கேட்டவர்கள் எல்லோரும் அங்கே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து போனெட்டைத் திறந்து, டோர்ச் அடித்துப் பட்டியைப் பார்த்தார். "இது மெல்லிசு சேர், இதுவும் கருகியிரிக்கி" என்று உள்ளே போய்த் தடித்த ஒன்றை எடுத்துவந்து, மறுமுனையில் இருந்த பெயின்டையும் சுரண்டிப் பூட்டிவிட்டார்.

காசு எடுத்தார். ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.