கையெழுத்து

1994 ஜனவரியில், அரையாண்டு விடுமுறை முடிந்த இரண்டாம் வாரம், பள்ளிக்கு வருமாறு எங்கள் இருவருக்கும் ஆள் வந்தது. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மூத்த மகனின் மதிப்பெண் அட்டையைக் கணக்கு ஆசிரியர் எங்கள்முன் விரித்து வைத்தார். கணக்கில் நூற்றுக்கு 27. அதன் கீழே பெற்றோர் கையெழுத்து, நாங்கள் போடாத கையெழுத்து. எங்களில் எவரும் அவ்வளவு அழகாக எழுதுவதில்லை என்பதால்தான் அவருக்கு ஐயம் பிறந்ததாம்.

வீட்டுக்குப் போனதும் தோலை உரித்துவிடுவதாக அங்கேயே சூளுரைத்தோம். ஆசிரியர் கையமர்த்தினார். "ஏன் போட்டாய் என்று அவனைக் கேட்பதற்கு முன்னால், உங்களிடம் நீட்ட ஏன் அஞ்சினான் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்" என்றார்.

வழிநெடுக நாங்கள் பேசவில்லை. பேச என்ன இருந்தது? முந்தைய தேர்வில் 33 வாங்கி வந்தவனை அடித்திருந்தோம். எதிர்வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சோற்றுத் தட்டுக்கு முன் வைத்துப் பேசியிருந்தோம். விடியற்காலை ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்கியதும் அவனை அடுத்த அறைக்கு விரட்டிவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்தோம். அதையே பெரிய தியாகம் என்றும் எண்ணிக்கொண்டோம். (இவற்றில் எங்களுள் ஒருவரின் பங்கு சற்று அதிகம். யாரென்று எழுதினால் இக்கட்டுரைக்கு மற்றவரின் கையெழுத்து கிடைக்காது.)

அன்றிரவு அடிக்கவில்லை. மாலை டியூஷனை நிறுத்தினோம். எங்களில் கல்லூரிவரை படித்தவர் கற்பிக்க உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் குரல் உயர்ந்துவிடும் என்பது வீடறிந்த உண்மை. ஆகவே எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அடுப்படியில் அவன் அருகே அமர்ந்தார். "எனக்கு எல்லாம் மறந்து போயிற்று. நீ சொல்லிக் கொடு" என்றார். அது நடிப்பல்ல, உண்மையாகவே மறந்திருந்தது.

சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோதுதான் அவன் எங்கே இடறுகிறான் என்பது தெரிந்தது. இயற்கணிதத்தில் அல்ல, அதற்கு வெகு முன்னால். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான். "ஐந்து துண்டில் இரண்டு என்றால் பாதிகூட இல்லையே. அரைத் தோசையோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் அரைக்கும் குறைவாக எப்படியடா வரும்?" என்று கேட்டார் அம்மா. அவன் விழித்தான். கல்லில் கிடந்த தோசையை எடுத்து ஆறாக வெட்டினார். அரை என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. ஆக ஆறில் ஐந்து. அந்தக் கணக்கை அவன் அங்கேயே தின்று தீர்த்தான்.

பின்னக் கணக்கு இவனுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று எண்ணிப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்பில் அம்மை போட்டு மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. வகுப்பில் பின்னக் கூட்டல் நடந்தது அந்த வாரங்களில்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பள்ளிக்கு அனுப்பியதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதாக இருந்துவிட்டோம். இல்லாத படியின்மேல் மூன்றாண்டுகளாகக் கால் வைத்துக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினோம். தம்பி, தங்கை பார்த்தால் வெட்கம் என்று அதற்குச் செய்தித்தாள் அட்டை போட்டுக்கொண்டான்.

முழு ஆண்டுத் தேர்வில் 41. 1996இல் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் 68. தெருவில் எவரும் வாய் பிளக்கவில்லை. ஆனால் 41 வாங்கிய அட்டையை அவனே எங்கள் கையில் கொடுத்தான்.

காலம் மாறித்தான் இருக்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்தது. அரசுத் தேர்வுகளில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. அந்தச் சட்டமும் அறிவிப்பும் நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றன என்பது வேறு.

2024இல் ஒரு மாலை, மகன் தொலைபேசியில் அழைத்தான். ஏழாம் வகுப்பில் படித்த பேத்திக்குக் கணக்கில் மதிப்பெண் குறைவு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பரில் சிறு வகுப்புகள் மீண்டும் திறந்தபோது நான்காம் வகுப்பு. இவன் தவறவிட்டது மூன்று வாரம். அவள் தவறவிட்டது ஒன்றரை ஆண்டுக்கும் மேல்.

"அட்டையை நீ எப்படிப் பார்த்தாய்?" என்று மெல்லக் கேட்டோம்.

"அவளே கொண்டுவந்து நீட்டினாள்" என்றான். பிறகு, "அம்மா, அன்றைக்குத் தோசையை முதலில் பாதியாக வெட்டினாயா, மூன்றாக வெட்டினாயா?" என்றான்.

சனிக்கிழமை பேருந்தில் வருவதாகச் சொன்னோம்.