கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்த கடைமடையும்

கரிசல் நாட்டில் வாழ்வோருக்கு வெம்மையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலை அனலாய்க் கொதிக்கும். குண்டாற்றில் மணல்தான் மிஞ்சியிருக்கும். சீமைக் கருவேலின் நிழலும் சுடும். அத்தகைய நாளில் முன்மூடியைத் திறந்து வைத்து, ஆவி பறக்கச் சாலையோரம் நிற்கும் பழைய கார் நமக்குப் புதிய காட்சியன்று. நிக்காஹ் வீட்டுக்குப் புறப்பட்ட குடும்பம் பிள்ளைகளுடன் மரத்தடியில் அமர்ந்திருக்கும். அத்தகைய குடும்பங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்வதே நம் நோக்கம்.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரையும், 1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800ஐயும் இன்றும் பேணி வருவோர் உளர். புதிது வாங்க வசதியின்மை சிலருக்குக் காரணம். தந்தை ஓட்டிய வண்டி என்னும் பற்று வேறு சிலருக்குக் காரணம். இத்தகைய பழைய வண்டியில் எஞ்சின் ஒருமுறை நன்கு வெந்துவிட்டால், அதைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும். ஆதலால் நோயை முளையிலேயே அறிவது அவசியமாகிறது.

நம் நண்பர் ஒருவரின் வண்டிக்கு இரண்டு குறைகள் இருந்தன. தொலைவு சென்றால் எஞ்சின் கொதிக்கும். மார்கழியில் கொடைக்கானல் சென்றபோது ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றே வந்தது. முதற்குறைக்கு ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டாவதற்கு மற்றொரு பட்டறையில் காற்றை ஊதும் மோட்டாரை மாற்றினார்கள். இரண்டு ரசீதுகள் சேர்ந்தனவே தவிர, இரண்டு குறைகளும் அப்படியே இருந்தன.

பின்னர் நம்மூரில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றார்; நாமும் உடன் சென்றிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த அப்பெரியவர் நம் பக்கம் திரும்பினார்.

"ஹஜ்ரத், கம்மாயில தண்ணி கொறஞ்சா எந்த வயக்காடு மொதல்ல காயும்?"

"கடைமடை வயல்தான், அண்ணாச்சி" என்றோம்.

"அம்புட்டுத்தான். இந்த வண்டிக்கு ஹீட்டருதான் கடைமடை. அங்க தண்ணி போய்ச் சேரல."

கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் பூமியில் இதைவிடத் தெளிவாக எவரும் விளக்க இயலாது. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தண்ணீரே வெளியே சுமந்து செல்கிறது. அதைச் சுற்றி ஓடச் செய்வது வாட்டர் பம்ப். சூடு 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு திறந்து, அந்நீரை முன்புறமுள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. அதே சுடுநீரில் ஒரு பகுதி, ஒல்லியான இரு ஹோஸ்களின் வழியே டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சின்னஞ்சிறு ரேடியேட்டருக்குச் சென்று திரும்புகிறது. அதன் ஊடே ஊதப்படும் காற்றுத்தான் ஹீட்டரின் வெதுவெதுப்பு. இத்தகைய வண்டிகளின் ஹீட்டருக்குத் தனி நெருப்பு ஏதும் இல்லை. எஞ்சினின் சூட்டை அது கடன் வாங்குகிறது.

அவ்வாறாயின், எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் அனல் வீச வேண்டுமன்றோ? வீசவில்லையெனில், சூடு இருக்கிறது, அதைச் சுமந்து செல்லும் தண்ணீர் வரவில்லை என்பதே பொருள். தண்ணீர் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம். மாறாக, எஞ்சினும் கொதித்து ஹீட்டரிலும் அனல் வீசினால் தண்ணீர் ஓடுகிறது என அறியலாம். அப்போது திறவாத தெர்மோஸ்டாட், சுழலாத ஃபேன், அடைபட்ட ரேடியேட்டர் ஆகியவற்றை ஐயுறுவது முறை. அருப்புக்கோட்டையில் ஹீட்டர் எதற்கு என்று நகைப்போர் இதனைக் கருத வேண்டும். குளிர் காய உதவாவிடினும் நோய் காண அது உதவும்.

நோய் அறிதலை அரபு மொழியில் 'தஷ்கீஸ்' என்பர். ஆள் எனப் பொருள்படும் 'ஷக்ஸ்' என்னும் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. கூட்டத்திலிருந்து ஓர் ஆளை இன்னாரென்று அடையாளம் காண்பது போன்றது அது. ஓரிடத்தில் வெப்பம், ஓரிடத்தில் குளிர்ச்சி என்று முரண்படத் தோன்றும் இரு குறிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதே அந்த ஓர் ஆள் அகப்பட்டான்.

பெரியவர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டரின் மூடியைத் திறந்தார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் நிறைந்திருந்தது. ரேடியேட்டரின் மேற்பகுதியோ வறண்டு கிடந்தது. மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்ததால், ஆறும்போது பாட்டில் நீர் உள்ளே இழுக்கப்படவில்லை. பம்பின் அடியில் மெல்லிய கசிவும் இருந்தது. பாட்டிலை மட்டும் பார்த்து நிம்மதியடைவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பம்பும் மூடியும் மாறியபின், வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நீரை மெதுவாக ஊற்றி, மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டார். குமிழிகள் வந்து அடங்கின. சிறிது நேரத்தில் ஹீட்டரிலிருந்து வெப்பக் காற்று எழுந்தது. எத்தனை முறை காற்றை வெளியேற்றியும் ரேடியேட்டரில் குமிழி ஓயாவிடில், அல்லது எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் மாறினால், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அதன்பின் வண்டியை ஓட்டுவது தகாது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குக. ஹீட்டரில் அனல் வந்தால் எஞ்சினின் சூடு சிறிது தணியும். குளிர்ந்த காற்றே வந்தால் ஒரு நிமிடமும் தாமதியாது எஞ்சினை நிறுத்துக. முள் திடீரெனக் கீழே இறங்கினாலும் நம்பற்க; சூட்டை அளக்கும் கருவியைச் சுற்றி நீரே இல்லாதபோதும் அது அவ்வாறு இறங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தையும் கண்ணையும் அவித்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பும் வெடிக்கும். குறைந்தது அரைமணி நேரப் பொறுமை தேவை.

நம் வட்டாரத்துக்கென ஒரு சொல். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்புக் கலந்தது. குடம் காய்ந்தால் வெள்ளைப் படிவத்தைக் காண்கிறோம். அதே படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும்; துரு பம்பின் இறக்கைகளைத் தின்னும். அவசரத்துக்கு எந்த நீரும் ஆகும். ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு, வடிநீரில் கலந்த கூலண்டை ஊற்றுவதே முறை.

மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். பின்னர் எஞ்சினைச் சூடேறவிட்டு, ஹீட்டரை ஒரு நிமிடம் போட்டு, வரும் காற்றில் கையை நீட்டுங்கள். கடைமடைக்கு நீர் வந்து சேர்ந்ததா என்பதைக் கையே சொல்லிவிடும்.