நல்ல குடும்பஸ்தர்

அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் 'ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், நல்ல குடும்பஸ்தர்' என்று அச்சடித்திருந்தார்கள். உண்மைதான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

ஆனால் பந்தோபஸ்து, மாற்றல் என்று அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது குறுவை நாற்றங்கால் தயாராக இருக்கும். அது அம்மாவின் வேலை. நடவுக்கு ஆள் கூப்பிட்டதும், கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடந்ததும் அவள்தான். ஊரில் அதற்குப் பெயர் 'இன்ஸ்பெக்டர் வயல்'.

தமிழ்நாடு காவல்துறை 1973-இல்தான் பெண்களைச் சேர்த்தது. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. அதற்கு முன்பு, புருஷனிடம் அடிபட்ட பெண்கள் ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சப்பட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வருவார்கள். அம்மா மோர் கொடுத்துக் கேட்பாள். ராத்திரி அப்பாவிடம் சொல்வாள். அந்த வேலைக்கு ரேங்க் இல்லை.

இப்போது அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. "அவர் புண்ணியம்" என்கிறார்கள் உறவினர்கள். அதில் அவள் உழைப்பும் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வயலில் பாடுபட்டதற்கோ பென்ஷனே கிடையாது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் நிலத்தில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. அண்ணன் தம்பிகளுக்குப் பெண்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை, அண்ணனும் நானும் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்தோம். பட்டா இப்போது அவள் பெயரில்.